பழைய கம்ப்யூட்டர்ல கேம் ஓடணுமா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் காசை எடு!

தம்பி, முதல்ல பர்ஸை மூடி வை. ஸ்க்ரூ டிரைவரை எடு.

கேம் திக்கித் திணறி ஓடுதுன்னதும் எல்லாரும் பண்ற முதல் வேலை, யூடியூப்ல நாலு வீடியோ பார்த்துட்டு கிராபிக்ஸ் கார்டு விலை தேடறதுதான். கார்டு வீட்டுக்கு வந்த அப்புறம்தான் வண்டவாளம் தெரியும். கேபினெட்டுக்குள்ள நுழையாது. நுழைஞ்சா எஸ்எம்பிஎஸ்ல, அதாவது பவர் சப்ளையில, அதுக்குப் போட ஒயர் இருக்காது. ஒயரும் இருந்துட்டா மானிட்டர்ல விஜிஏ தவிர வேற போர்ட்டே இருக்காது. திருப்பிக் கொடுக்கப் போனா கடைக்காரர் "சீல் உடைச்சிட்டீங்களே"ம்பார்.

அதனால எந்த சாமான் வாங்கறதுக்கு முன்னாடியும் ஒரு கேள்வி கேளு: ரெண்டு வருஷம் கழிச்சு நீ வேற கம்ப்யூட்டர் வாங்கினா இது அங்கே கூட வருமா, இல்லை இந்தப் பழைய போர்டோட சேர்ந்து போயிடுமா? எஸ்எஸ்டி வரும். நல்ல எஸ்எம்பிஎஸ் வரும். கிராபிக்ஸ் கார்டு வரும். மானிட்டர் வரும். பழைய ப்ராசஸரும் டிடிஆர்3 ரேமும் வராது. வர்றதுக்குத் தாராளமா செலவு பண்ணு. வராததுக்கு செகண்ட் ஹேண்ட்ல, சில்லறைக் காசுல முடிச்சுக்கோ. அக்கா சொல்லப் போறது மொத்தமும் இதுக்குள்ள அடங்கிடும்.

உன் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல ப்ராசஸர் பேரு, ரேம் அளவு, டிஸ்க் எல்லாம் இருக்கும். இன்டெல் ப்ராசஸர் பேருல கோடு போட்டதுக்கு அப்புறம் நாலு இலக்கம் வந்தா அதுல முதல் எண்தான் தலைமுறை. ஐ5-4590ன்னா நாலாம் தலைமுறை, ஐ5-6500ன்னா ஆறாம் தலைமுறை. நாலு வரைக்கும் இருக்கற பெட்டி எல்லாம் டிடிஆர்3 ரேம். ஆறு, ஏழு பெரும்பாலும் டிடிஆர்4. ரெண்டுக்கும் ரேம் குச்சியில இருக்கற வெட்டு வேற வேற இடத்துல இருக்கும், ஒண்ணுல இன்னொண்ணு உட்காராது. அழுத்திப் பார்க்காதே.

இப்போ நம்ம ஊர்ல நிறைய வீட்டுல இருக்கறது ரெண்டு வகை. ஒண்ணு, பக்கத்துக் கடையில அசெம்பிள் பண்ணின பெட்டி. இன்னொண்ணு, கம்பெனிங்க கழிச்சுக் கட்டி செகண்ட் ஹேண்ட் கடைக்கு வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் மாதிரியானது. இந்த ரெண்டாவது வகை நல்ல உழைப்பாளி, சீக்கிரம் சாகாது. ஆனா பிடிவாதம் ஜாஸ்தி. போர்டுல எஸ்எம்பிஎஸ் கனெக்டர் ஊர்ல எல்லாருக்கும் இருக்கற 24 பின்னா இருக்காது. ஆப்டிபிளெக்ஸ் 9020ல 8 பின்தான். கடையில வாங்கற சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை அதுல மாட்டணும்னா அதுக்கு மாத்து ஒயர் தனியா வேணும். ஒல்லியான சின்ன கேபினெட்டா இருந்தா பாதி உயரக் கார்டுதான் நுழையும். அதை "லோ ப்ரொஃபைல்"னு கேட்டு வாங்கணும்.

பக்கவாட்டு மூடியைக் கழட்டி அஞ்சு விஷயம் எழுதி வெச்சுக்கோ: போர்டு மாடல், ரேம் ஸ்லாட் எத்தனை காலி, கார்டு போடற நீளமான ஸ்லாட்டுல இருந்து முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் கூண்டு வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர், எஸ்எம்பிஎஸ் லேபிள்ல என்ன போட்டிருக்கு, மானிட்டர்ல என்னென்ன போர்ட். லேபிளை போன்ல போட்டோ எடுத்துடு. கடையில நின்னு "450 வாட்னு நினைக்கிறேண்ணே"ன்னா அவர் உன் தலையில எதையாவது கட்டிடுவார்.

கிட்டத்தட்ட காசே இல்லாம ஒரு மேம்பாடு

வருஷக்கணக்கா திறக்காத பெட்டிக்குள்ள ப்ராசஸர் ஃபேனுக்குக் கீழே அலுமினியத் தகடுகளுக்கு நடுவுல தூசி ஒரு கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். ஃபேன் சுத்தும், காத்து உள்ளே போகாது. ப்ராசஸர் சூடாகி, தன்னைக் காப்பாத்திக்கத் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். கேம் ஆரம்பிச்சு பத்து நிமிஷம் நல்லா ஓடிட்டு அப்புறம் லேக் ஆகுதுன்னா முதல் சந்தேகம் இதுமேலதான். எச்டபிள்யூ இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, போட்டுப் பாரு. சும்மா இருக்கும்போது 40 டிகிரி பக்கம், கேம் ஓடும்போது 80க்குக் கீழே இருந்தா நிம்மதி. 95, 100ன்னு தொடுதுன்னா எந்தக் கார்டு போட்டும் பிரயோஜனமில்லை. சித்திரை வெயில்ல மொட்டை மாடிக்குக் கீழ் ரூம்ல உட்கார்ந்து ஆடறவன் இன்னும் கவனமா இருக்கணும். ரூமே 36 டிகிரின்னா பெட்டிக்குள்ள அதுக்குக் கீழே எப்படிப் போகும்?

பிளக்கைப் பிடுங்கு. பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பிடிச்சு மிச்ச கரண்டை வடிய விடு. பெட்டியை வெளியே தூக்கிட்டுப் போய் ப்ளோயர் அடி. அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோ, காத்துல தாறுமாறா சுத்தினா பேரிங் போயிடும். அம்மா புடவை காயப்போட்டிருந்தா வேற பக்கம் போய் அடி.

அப்புறம் கூலரைக் கழட்டு. இன்டெல் கூலர்னா நாலு மூலையில நாலு பிளாஸ்டிக் முள் இருக்கும். அம்புக்குறி பக்கம் திருப்பி மேல இழுத்தா வந்துடும். உள்ளே பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு காஞ்ச மாதிரி உதிரும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல நனைச்ச துணியால துடை. புது பேஸ்ட் ஒரு துவரம்பருப்பு அளவு போதும். வைக்கும்போது நாலு முள்ளையும் குறுக்கும் நெடுக்குமா, ஒண்ணு விட்டு எதிர்மூலைன்னு அழுத்து. ஒவ்வொண்ணுக்கும் "டக்"னு சத்தம் வரணும். வரலேன்னா அது உட்காரலை.

அப்படியே ரேமைக் கழட்டி அந்தத் தங்கநிறப் பல்லை பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, துகளை ஊதிட்டுத் திரும்ப மாட்டு. நம்ம சர்வீஸ் கடை அண்ணன்மாருங்க முன்னூறு, நானூறு வாங்கிட்டுப் பண்ற வேலையில பாதி இதுதான். போர்டுல காசு மாதிரி இருக்கற பேட்டரியையும் மாத்திடு, அது சிஆர்2032. தேதி தப்பா வர்ற பிரச்சினை அதோட போயிடும்.

அடைப்பு எங்கே?

கேம் ஓடிட்டிருக்கும்போதே திரை ஓரத்துல எண்களைக் காட்டற எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்னு ஒண்ணு இருக்கு, இலவசம். எந்தக் கம்பெனி கார்டுக்கும் வேலை செய்யும். நீ அதிகமா ஆடற கேமையே ஓட்டிப் பாரு. கிராபிக்ஸ் கார்டு 97, 98 சதவீதம்னு முட்டிட்டு நிக்குதா? அடைப்பு கார்டுல. கார்டு 50, 60ல சும்மா கிடக்கு, ப்ராசஸர் 95க்கு மேல போகுதா? புது கார்டு போட்டாலும் அதேதான் நடக்கும், ப்ராசஸர்தான் தடை. ரெண்டும் சும்மா இருக்க, டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் மட்டும் 100 சதவீதத்துல சிவந்து நிக்குதா? ஹார்ட் டிஸ்க்கோ ரேமோதான் காரணம். கார்டே இல்லாம ப்ராசஸருக்குள்ள இருக்கற இன்டெல் எச்டி கிராபிக்ஸ்ல ஓட்டறவனுக்கு இந்தச் சோதனையெல்லாம் தேவையில்லை, பதில் தெரிஞ்சதுதானே.

எஸ்எஸ்டி

இன்னும் ஹார்ட் டிஸ்க்லதான் விண்டோஸ் இருக்குன்னா வேற எதைப் பத்தியும் பேசாதே, முதல்ல சாட்டா எஸ்எஸ்டி வாங்கு. பழைய ஹார்ட் டிஸ்க் நல்லா ஓடினா நொடிக்கு 100, 150 எம்பி படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 500க்கு மேல. சின்னச் சின்ன ஃபைலா ஆயிரம் இடத்துல தேடிப் படிக்கறதுலதான் நிஜமான வித்தியாசம் தெரியும். எஃப்பிஎஸ் இதனால பெருசா கூடாது, அதை எதிர்பார்க்காதே. லோடிங் குறையும். திறந்த உலகம் கேம்ல வண்டியை வேகமா ஓட்டும்போது ரோடு வர்றதுக்குள்ள படம் உறையுமே, அது குறையும். சைபர்பங்க் 2077 மாதிரி கேமுக்கு இப்போ குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டின்னு போட்டுட்டாங்க.

குச்சி மாதிரி இருக்கற என்விஎம்இ வேகமா இருக்கேன்னு ஆசைப்படாதே. நாலாம் தலைமுறை போர்டு பெரும்பாலானதுல அதுல இருந்து விண்டோஸ் பூட் ஆகாது. அளவு 480 இல்லை 500 ஜிபியாவது இருக்கட்டும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒண்ணே 150 ஜிபி கேக்கும். 240 ஜிபி வாங்கிட்டு ஒரு கேமை அழிச்சு இன்னொண்ணைப் போட்டுட்டு இருக்கறது ஒரு பொழப்பா? பழைய ஹார்ட் டிஸ்க் அப்படியே கிடக்கட்டும், சினிமாவும் போட்டோவும் அதுல வெச்சுக்கலாம். அம்மாகிட்ட "படிப்புக்குத்தான்"னு சொல்லி இதை வாங்கிக்கோ. முழுப் பொய்யும் கிடையாது.

ரேமும் ப்ராசஸரும்

8 ஜிபி ரேம் இன்னைக்குக் கேமுக்கும் பத்தாது, பின்னாடி திறந்து கிடக்கற குரோமுக்கும் பத்தாது. 16 ஆக்கு. ஒரே 16 ஜிபி குச்சியைவிட ரெண்டு 8 ஜிபி நல்லது, ரெண்டு வழியில டேட்டா போகும். நாலு ஸ்லாட் இருந்தா பெரும்பாலும் ஒரே நிறத்துல இருக்கற ரெண்டுல போடணும். சிபியு-இசட்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல மெமரி பக்கத்துல "டூயல்"னு வந்திருக்கான்னு பாரு.

2025 கடைசியில இருந்து ரேம் விலை எகிறிப் போச்சு. ஏஐ கம்பெனிங்களோட டேட்டா சென்டருக்கே சிப் எல்லாம் போயிட்டிருக்கு, நம்மள மாதிரி சில்லறை ஆளுங்களுக்கு மிச்சம்தான். புது பெட்டி வாங்கறதைத் தள்ளிப்போட்டு பழசுக்கு உயிர் கொடுக்கறதுல இப்போ கூடுதல் நியாயம் இருக்கு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டின டிடிஆர்3 ரேம் செகண்ட் ஹேண்ட் கடையில கிடைக்கும். அதைப் புதுசா, பளபளன்னு லைட் எரியற மாதிரி தேடாதே. இந்த போர்டோட போற சாமான் அது.

ப்ராசஸரும் அதே கணக்குதான். ஒரு போர்டுல அதே சாக்கெட்ல வந்த பெரிய ப்ராசஸரை செகண்ட் ஹேண்ட்ல போடறது மலிவான வைத்தியம். ஐ3-4130ல கோர் ரெண்டே ரெண்டு. அதே போர்டுல ஐ7-4770 போட்டா நாலு கோர், எட்டு த்ரெட். ஜியான் இ3-1231 வி3ன்னு ஒரு சர்வர் ப்ராசஸர் உண்டு, அதுவும் நாலு கோர், எட்டு த்ரெட்தான், அதே சாக்கெட்தான். ஐ7 கேக்கற விலைக்கு மனசு வரலேன்னா அதைத் தேடு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வை, ஜியான்ல உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாம திரையில ஒண்ணும் வராது. வாங்கறதுக்கு முன்னாடி உன் போர்டு கம்பெனி சைட்டுல அந்த ப்ராசஸர் பட்டியல்ல இருக்கான்னு பார்த்துடு. பயாஸ் அப்டேட் கேட்டா ப்ராசஸர் மாத்தறதுக்கு முன்னாடியே, யுபிஎஸ்ல போட்டு முடி. அப்டேட் பாதியில கரண்ட் போனா போர்டு செத்துடும்.

இங்கே ஒரு பொறி இருக்கு. ஆறு, ஏழாம் தலைமுறை போர்டுலயும் எட்டாம் தலைமுறை போர்டுலயும் சாக்கெட் பேரு ஒண்ணுதான், 1151. உட்காரவும் உட்காரும். வேலை செய்யாது. விக்கறவன் "பொருந்தும் தம்பி"ம்பான். பொருந்தும்கறது உண்மைதான்.

உன் பெட்டி ஏஎம்டி ரைசன்னா நீ யோகக்காரன். 2017ல ரைசன் 3 1200 போட்டு வாங்கின ஏஎம்4 போர்டுலயே பயாஸ் அப்டேட் கிடைச்சா 2022ல வந்த ரைசன் 5 5600 போட்டுக்கலாம். ஆறு கோர், பன்னெண்டு த்ரெட், வெறும் 65 வாட். இந்த ஒரு இடத்துல மட்டும் ப்ராசஸருக்குப் புதுசு விலை கொடுக்கலாம்னு சொல்வேன்.

எஸ்எம்பிஎஸ்: இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

கடையில ஐநூறு, அறுநூறு ரூபாய்க்குக் கேபினெட்டோட கொடுக்கற எஸ்எம்பிஎஸ் மேல கொட்டை எழுத்துல "450"ன்னு இருக்கும். அதை நம்பாதே. பக்கத்துல கட்டம் போட்டு 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட்னு எழுதி, கீழே ஆம்பியர் போட்டிருப்பான். ப்ராசஸரும் கார்டும் குடிக்கறது 12 வோல்ட்டைத்தான். அங்கே 15 ஆம்பியர்னு இருந்தா 12ஐயும் 15ஐயும் பெருக்கு. 180 வாட். உன் 450ல நிஜமா உனக்கு உதவறது அவ்வளவுதான். நல்ல கம்பெனியோட 450 வாட் எஸ்எம்பிஎஸ்ல 12 வோல்ட்டுல 35 ஆம்பியருக்குப் பக்கத்துல இருக்கும்.

இப்போ கணக்குப் போடு. ஐ5-4590 ப்ராசஸருக்கு 84 வாட். போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு 50ன்னு வை. அது மேல கார்டு. 75 வாட் கார்டுன்னா மொத்தம் 210 வாட் பக்கம். ஆப்டிபிளெக்ஸ் 9020 பெரிய கேபினெட்ல வர்ற 290 வாட் ஒரிஜினல் எஸ்எம்பிஎஸ் இதைத் தாங்கும். ஒல்லி கேபினெட்ல 255 வாட், அதுவும் தாங்கும், கொஞ்சம் இழுபறி. ஆர்எக்ஸ் 580 மாதிரி 185 வாட் கார்டு போட்டா 300ஐத் தாண்டிடும், புது எஸ்எம்பிஎஸ் வாங்கியே ஆகணும். வாங்கும்போது 80 ப்ளஸ் முத்திரை, கார்டுக்கு 8 பின் ஒயர், மூணு வருஷமாவது வாரண்டி இருக்கான்னு பாரு. இது அடுத்த பெட்டிக்கும் உன்கூட வர்ற சாமான். இன்னைக்கு 450 போதும்னாலும் 550 வாங்கறது தப்பில்லை.

கார்டுக்கு 8 பின் ஒயர் இல்லேன்னதும் சாட்டா ஒயரை மாத்தி 8 பின் ஆக்கற ஒரு குட்டி ஒயரைக் கடையில நீட்டுவாங்க. வேண்டவே வேண்டாம். சாட்டா கனெக்டர் அவ்வளவு கரண்டுக்குச் செஞ்சதே இல்லை, உருகும், சில சமயம் பத்திக்கும்.

பெட்டியைத் தொட்டா சுரீர்னு ஷாக் அடிக்குதா? அது கம்ப்யூட்டர் கோளாறா இருக்கறதைவிட வீட்டு எர்த் கோளாறா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கார்டு வாங்கற காசுல முதல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

கார்டு எதை வாங்கறது?

கார்டு ஸ்லாட்டே 75 வாட் வரைக்கும் கரண்ட் தரும். தனி ஒயர் இல்லாத கார்டுன்னா அந்த அளவுக்குள்ளதான் ஓடும். ஆபீஸ் பெட்டி வெச்சிருக்கறவன் தேட வேண்டியது இந்த வகையை.

ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி, 75 வாட். 2019ல வந்தது. வேலரன்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 எல்லாம் செட்டிங்ஸைக் கொஞ்சம் குறைச்சா 1080பில சுகமா ஓடும். லோ ப்ரொஃபைல்லயும் கிடைக்கும். சில மாடல்ல 6 பின் ஒயர் கேக்கும், படத்தைப் பெருசாக்கிப் பார்த்து வாங்கு. இதுக்கு மேல போகணும்னா ஆர்டிஎக்ஸ் 3050ல 6 ஜிபி வகை, 70 வாட், ஒயர் வேண்டாம். அதே 3050ல 8 ஜிபி வகை வேற ஜாதி, 130 வாட், ஒயர் வேணும். பேரு ஒண்ணா இருக்கேன்னு கை நீட்டிடாதே.

தவிர்க்க வேண்டியதும் சொல்றேன். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்தான், ஒல்லியா அழகா இருக்கும். ஆனா நாலே நாலு லேன்லதான் போர்டோட பேசும். உன் பழைய போர்டு ஒவ்வொரு லேன்லயும் பாதி வேகம்தான் தரும், கார்டு மூச்சுத் திணறும். கேமை ரெக்கார்ட் பண்ற என்கோடரும் அதுல கிடையாது, யூடியூப் கனவு இருந்தா தொடாதே. இன்டெல் ஆர்க் கார்டுக்கு ரீசைசபிள் பார்னு ஒரு வசதி போர்டுல வேணும், நாலாம் தலைமுறையில அது இல்லை. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ நல்ல கார்டா இருந்தது, ஆனா புது கேமுக்கான டிரைவர் தர்றதை என்விடியா 2025 அக்டோபரோட நிறுத்திடுச்சு. பழைய கேம் மட்டும்தான் ஆடுவேன், கிட்டத்தட்ட சும்மா கிடைக்குதுன்னா எடு.

நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டாச்சா? அப்போ செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 6600 தேடு. 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின். உன் ஐ5 அதை முழுசா ஓட்ட விடாதுதான். பரவாயில்லை, அடுத்த பெட்டியில அது நிமிர்ந்து நிக்கும். ஆர்எக்ஸ் 580 அதைவிட மலிவு, கிரிப்டோ மைனிங்ல ராப்பகலா ஓடிக் களைச்சது நிறைய உலாவுது. அதுலயும் "2048எஸ்பி"ன்னு ஒரு வகை உண்டு, நிஜ 580ல இருக்கற 2304 ஷேடர் அதுல இருக்காது. சிலது பேரைச் சின்னதா எழுதி ஏமாத்தறாங்க.

ரிச்சி தெருவுல செகண்ட் ஹேண்ட் வாங்கறப்போ

சென்னையில இருந்தா சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி தெருவுக்குப் போகாம இந்தக் கதை முடியாது. முதல் கடையில வாங்கிடாதே. மூணு கடையில விலை கேளு, நாலாவது கடையில பேரம் பேசு. "ஓட்டிக் காட்டுங்கண்ணே"ன்னு தைரியமா கேளு. நல்ல கடையில டேபிள் மேல போர்டு ஒண்ணு திறந்தபடியே கிடக்கும், கார்டை அதுல சொருகிக் காட்டுவாங்க. காட்ட மாட்டேன்னா கும்பிடு போட்டுட்டு நட.

பென்டிரைவ்ல ஜிபியு-இசட், ஃபர்மார்க்னு ரெண்டு சாஃப்ட்வேரை எடுத்துட்டுப் போ. முதலாவது, கார்டு யாருங்கற ஜாதகத்தைச் சொல்லும். ரொம்பப் பழைய ஜிடிஎஸ் 450ஐ உள்ளே பேரு மாத்தி 1050 டிஐன்னு விக்கற போலி நிறைய உண்டு. ஜிபியு-இசட் அதைக் கண்டுபிடிச்சா "ஃபேக்"னு முன்னாடியே எழுதிக் காட்டிடும். கார்டை முழுசா வேலை வாங்கற ஃபர்மார்க்கைப் பத்து நிமிஷம் ஓட விடு. திரையில வண்ணப் புள்ளி, கோடு வரக்கூடாது. வெப்பம் 85ஐத் தாண்டக்கூடாது. ஃபேன் கரகரன்னு அழக்கூடாது. மானிட்டர் மாட்டற போர்ட்டையும் பின்பக்க இரும்புத் தகட்டையும் உத்துப் பாரு. கடற்கரைப் பக்கத்து வீட்டுல இருந்து வந்த கார்டுன்னா அதுல துரு ஏறியிருக்கும், உள்ளேயும் ஏறியிருக்கும். பில்லுல சீரியல் நம்பரும் "டெஸ்டிங் வாரண்டி" எத்தனை நாள்னும் எழுதி வாங்கு.

ஓஎல்எக்ஸ் மாதிரி இடத்துல வாங்கினா அவங்க வீட்டுலயே ஓட்டிப் பார்த்துட்டுக் காசு கொடு. அட்வான்ஸ் அனுப்பாதே, "ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு"ன்னு கதை விட்டா போனை வை. உன் பழைய கார்டை விக்கும்போதும் ஒண்ணு: காசு வாங்க யுபிஐ பின் போட வேண்டிய அவசியமே கிடையாது. போடச் சொன்னா அவன் எடுக்கப் போறான்னு அர்த்தம்.

மாட்டினதுக்கு அப்புறம்

மானிட்டர் கேபிளை கார்டுல சொருகு. போர்டுல இருக்கற பழைய ஓட்டையிலேயே சொருகிட்டு "கார்டு வேஸ்ட்டுக்கா"ன்னு போன் பண்ற பசங்க இருக்காங்க. மானிட்டர்ல விஜிஏ மட்டும்தான்னா எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கற கன்வர்ட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வெறும் கேபிள் போதாது, சிப் வெச்ச கன்வர்ட்டரா இருக்கணும். 75 இல்லை 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்னா விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல நீதான் போய் மாத்தணும், அது 60லயே தூங்கிட்டிருக்கும். ஏஎம்டிக்கும் என்விடியாவுக்கும் நடுவுல மாறினா பழைய டிரைவரை டிடியுன்னு ஒரு சாஃப்ட்வேர்ல சுத்தமா துடைச்சுட்டு அப்புறம் புதுசு போடு.

கேமுக்குள்ள முதல்ல குறைக்க வேண்டியது நிழல், பிரதிபலிப்பு, புகை, புல். டெக்ஸ்சரைக் கடைசியா தொடு, கார்டு மெமரி இருக்கற வரைக்கும் அது எஃப்பிஎஸ்ஸைப் பெருசா தின்னாது. படத்தைச் சின்னதா வரைஞ்சு பெருசாக்கிக் காட்டற எஃப்எஸ்ஆர்னு ஒரு வசதி இருந்தா "குவாலிட்டி"ல வை, பழைய கார்டுலயும் வேலை செய்யும். எஃப்பிஎஸ்ஸை 60ல பூட்டிடு. சூடும் குறையும், சத்தமும் குறையும், பக்கத்துல படுத்திருக்கற தாத்தாவும் திட்ட மாட்டார்.

விண்டோஸ் விஷயம் கொஞ்சம் சங்கடம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதியும் கேக்கறாங்க. குறுக்கு வழியில பழைய பெட்டியில 11 போட்டுடலாம்தான், ஆனா அங்கே வேலரன்ட் டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் இல்லாம திறக்காது. வேலரன்ட்தான் உன் உயிர்னா ப்ராசஸரை மாத்தறதுக்கு முன்னாடி இதை யோசி. லினக்ஸ் போடலாமேன்னா ஸ்டீம் கேம் நிறைய ஓடும், வேலரன்டும் ஃபோர்ட்நைட்டும் ஓடாது.

ரெண்டாம், மூணாம் தலைமுறை ஐ3 வெச்சிருக்கறவனுக்கு ஒரு வார்த்தை: அதுக்கு எஸ்எஸ்டி மட்டும் போட்டு நிறுத்திக்கோ. ப்ராசஸர், ரேம், எஸ்எம்பிஎஸ், கார்டுன்னு நாலையும் மாத்தற நிலைமைன்னா நீ பண்றது மேம்பாடு இல்லை, பழைய கேபினெட்டுக்குள்ள புது கம்ப்யூட்டர். அந்தக் காசுக்கு ஆபீஸ்ல கழிச்ச எட்டாம் தலைமுறைப் பெட்டி ஒண்ணைப் பிடிச்சு, அதுல 75 வாட் கார்டைச் சொருகு. எந்தத் தலைமுறைக்காரனா இருந்தாலும், அடுத்த பெட்டிக்குக் கூட வராத சாமானுக்கு ஆகற செலவு அப்படி ஒரு பெட்டி விலையில பாதியைத் தாண்டினா கையை எடுத்துடு.

பழைய ஹார்ட் டிஸ்க்கை விக்கறதா இருந்தா சும்மா ஃபார்மட் பண்ணிட்டுக் கொடுக்காதே. நம்ம குடும்ப போட்டோ, அப்பாவோட பேங்க் பேப்பர் எல்லாம் திரும்ப எடுத்துடலாம். முழுசா பூஜ்யம் எழுதித் துடைச்சுட்டுக் கொடு, ராத்திரி ஓட விட்டா காலையில முடிஞ்சிருக்கும். புது சாமான் வந்த அட்டைப்பெட்டியையும் பில்லையும் ஆயுத பூஜைக்கு வீடு ஒழிக்கும்போது அம்மா பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடாம பரண்ல ஏத்தி வை. வாரண்டிக்கும் கேப்பாங்க, விக்கும்போது பெட்டியோட இருந்தா நூறு, இருநூறு கூடவே கிடைக்கும்.